வேலி யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? பாடிகாவல் முதல் போலீஸ் நண்பர்கள் வரை

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தென் தமிழ்நாட்டில் ஓர் உழவனின் மாடு இரவில் திருடு போனால் விடிந்ததும் அவன் யாரிடம் போவான்? அப்போது போலீஸ் ஸ்டேஷன் கிடையாது, எஃப்.ஐ.ஆரும் கிடையாது. அவன் நேராக ஊர்க் காவல்காரன் வீட்டு வாசலில் போய் நிற்பான். மாட்டைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அதன் மதிப்பைக் கொடுக்க வேண்டும். இதுதான் ஊருக்கும் காவல்காரனுக்கும் இருந்த ஒப்பந்தம்.

இன்று ஒரு பைக் திருடு போனால் போலீஸ் அதன் விலையைத் தருவதில்லை. அப்படிக் கேட்கலாம் என்ற எண்ணம்கூட யாருக்கும் வருவதில்லை. ஆனால் அன்று அது சாதாரண வழக்கம். பழைய காவல் முறை பொற்காலம் என்று இதற்குப் பொருள் அல்ல. அந்த முறையை மக்களே ஒருநாள் தூக்கி எறிந்தார்கள். அவர்கள் ஏன் அதை முதலில் ஏற்றார்கள், பிறகு ஏன் வெறுத்தார்கள் என்று தெரிந்துகொண்டால், 1993ல் ராமநாதபுரத்தில் தொடங்கி 2020ல் தடை செய்யப்பட்ட "ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்" அமைப்பின் கதையும் சுலபமாகப் புரியும்.

பாடிகாவல் என்றால் என்ன?

ஊர்க்காவல் தமிழர்களுக்குப் புதிதல்ல. பத்துப்பாட்டு நூல்களில் ஒன்றான மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் மதுரை நகரத்தின் இரவை வர்ணிக்கும்போது ஊர் காப்பாளர்களைப் பற்றியும் சொல்கிறார். மழை கொட்டும் நள்ளிரவிலும் கண் அயராமல் வில்லும் அம்புமாகத் தெருக்களைச் சுற்றி வருகிறார்கள் அவர்கள். சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் "பாடிகாவல்" என்ற சொல் பல இடங்களில் வருகிறது. ஊரைக் காப்பதற்காக மக்கள் கொடுத்த வரி அல்லது கூலியை அது குறிக்கும். அதாவது காவல் சும்மா கிடைக்கவில்லை. அதற்கு மக்கள் விலை கொடுத்தார்கள்.

நாயக்கர் காலத்திலும் அதற்குப் பிறகும் இந்தக் காவல் இரண்டு வகையாக இருந்தது. ஒரு ஊரின் வீடு, வயல், களத்துமேடு ஆகியவற்றைக் காப்பது ஸ்தல காவல். பல ஊர்கள் அடங்கிய பகுதியையும் வழிப்பாதைகளையும் காப்பது தேச காவல். காவல்காரர்களுக்கு அறுவடையில் ஒரு பங்கு நெல் அளக்கப்பட்டது. மானிய நிலமும் சில இடங்களில் இருந்தது. திருட்டு நடந்து பொருள் திரும்பக் கிடைக்காவிட்டால் நஷ்டத்தை அவர்கள் ஈடுகட்ட வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் மக்களுக்கு இருந்த திருப்தியின் காரணம் எளிது. காவல்காரன் தெரிந்த முகம். அவனுக்கு நெல் அளப்பது ஊர். அவன் தவறினால் கேட்பதும் அதே ஊர். களத்தில் நெல் அளக்கும்போது "போன மாதம் என் ஆடு போனதே, அது என்ன ஆயிற்று?" என்று கேட்க முடியும்.

காவல் சுமையான கதை

நாளடைவில் காவல் உரிமை பரம்பரைச் சொத்தாக மாறியது. ஊர் நியமித்த ஆள் என்பது போய், "இந்த ஊர் எங்கள் காவல்" என்று உரிமை கொண்டாடும் நிலை வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் மைய அரசு பலவீனமாகிப் போர்கள் பெருகின. ஆயுதமும் ஆள்பலமும் உள்ளவர்களே காவலைப் பிடித்துக்கொண்டார்கள். பாளையக்காரர்கள் தங்கள் எல்லைக்கு வெளியே உள்ள ஊர்களிலும் தேச காவல் வசூலித்தார்கள். காவல் வேண்டாம் என்று ஒரு ஊர் சொன்னால் அந்த ஊரில் திருட்டு நடக்கும். அந்தத் திருட்டைச் செய்தது யார் என்று ஊருக்கே தெரியும், ஆனால் வாய் திறக்க முடியாது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

1799லும் 1801லும் நடந்த பாளையக்காரர் போர்களுக்குப் பின் கிழக்கிந்தியக் கும்பினி ஆயுதங்களைப் பறித்துக் காவல் உரிமையைத் தன் கைக்குக் கொண்டு வந்தது. பிறகு வங்காளத்தில் இருந்த தரோகா முறையை 1802ல் இங்கேயும் கொண்டு வந்தது. அந்தத் தரோகாக்களுக்கு ஊர் தெரியாது, ஊருக்கு அவர்களைத் தெரியாது. அந்த முறை தோற்றது. தாமஸ் மன்றோ தலைமையில் அமைந்த கமிஷனின் ஆலோசனைப்படி 1816ல் புதிய விதிகள் வந்தன. ஊர்த் தலைவரும் தலையாரியும் மீண்டும் காவல் பொறுப்புக்கு வந்தார்கள். மேலே தாசில்தாரும் கலெக்டரும் இருந்தார்கள்.

இங்கே ஒரு பெரிய தவறு நடந்தது. வரி வசூலிப்பவரும் போலீஸ் அதிகாரமும் ஒரே கையில் சேர்ந்துவிட்டன. வரி கட்ட முடியாதவர்களைச் சித்திரவதை செய்தார்கள் என்ற புகார் லண்டன் பாராளுமன்றம் வரை போனது. சென்னையில் ஒரு விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டு 1855ல் அறிக்கை வெளியானது. வெயிலில் குனிய வைத்து நிறுத்துவது, கிட்டி போட்டு விரலை நெரிப்பது போன்ற கொடுமைகள் அதில் பதிவாயின. இதன் தொடர்ச்சியாக 1859ல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் பிறந்தது. வருவாய்த் துறையிலிருந்து பிரிந்த, சீருடை அணிந்த, சம்பளம் வாங்கும் போலீஸ் வந்தது. இன்றைய தமிழ்நாடு காவல்துறையின் தொடக்கம் அதுதான்.

புதிய போலீஸ் அரசாங்கத்திடம் சம்பளம் வாங்கியது, அரசாங்கத்துக்கே பதில் சொன்னது. காணாமல் போன மாட்டுக்கு யாரும் பொறுப்பு இல்லை. ஆகவே போலீஸ் வந்த பிறகும் மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் பழைய காவல் மறையவில்லை. சட்டப் புத்தகத்தில் ஒன்றும் ஊரில் இன்னொன்றுமாக இரண்டு காவல்கள் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன.

1896: ஊர் எழுந்த ஆண்டு

திருடு போன மாட்டைத் திரும்பப் பெற "துப்புக்கூலி" என்ற வழக்கம் இருந்தது. மாட்டின் விலையில் ஒரு பகுதியைத் துப்புச் சொல்பவருக்குக் கொடுத்தால் மாடு குறிப்பிட்ட இடத்தில் கட்டியிருக்கும். கேள்வி கேட்காமல் ஓட்டி வர வேண்டியதுதான். போலீஸுக்குப் போனால் மாடும் வராது, அலைச்சல்தான் மிச்சம். அதனால் மக்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பணம் கொடுத்தார்கள்.

1890களின் நடுவில் பொறுமை உடைந்தது. திண்டுக்கல் பகுதியில் விவசாயிகள் ஊர் ஊராகக் கூடினார்கள். இனிமேல் கள்ளர் காவலை வைத்துக்கொள்ள மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். ஊருக்கு ஒரு பொது நிதி சேர்த்தார்கள். மாட்டை இழந்தவருக்கும் வீடு எரிந்தவருக்கும் அந்த நிதியிலிருந்து ஈடு கொடுத்தார்கள். ஆபத்து வந்தால் கொம்பு ஊதிப் பக்கத்து ஊர்களைக் கூப்பிட ஏற்பாடு செய்தார்கள். 1906ல் வெளியான மதுரை மாவட்ட கெசட்டியர் இந்த இயக்கத்தை விவரமாகச் சொல்கிறது.

இந்த இயக்கம் காவலே வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய முறையின் நல்ல பகுதியை, அதாவது நஷ்டத்துக்கு ஈடு கொடுக்கும் கடமையை, மக்கள் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். கேள்வி கேட்க முடியாத காவல்காரனை மட்டுமே வெளியேற்றினார்கள்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. இயக்கம் வெகு விரைவில் சாதிச் சண்டையாக மாறியது. தீவைப்பும் அடிதடியும் நடந்தன. எந்தத் தப்பும் செய்யாத கள்ளர் குடும்பங்களும் ஊரை விட்டுப் போக நேர்ந்தது. சிலர் செய்த குற்றத்துக்கு ஒரு சமூகத்தையே பொறுப்பாக்கும் இந்தப் பார்வையைப் பிறகு அரசாங்கமே சட்டமாக்கியது. 1911ஆம் ஆண்டு குற்றப் பரம்பரைச் சட்டத்தை மதுரைப் பகுதியில் படிப்படியாக அமல்படுத்தினார்கள். ஆண்களின் கைரேகையைப் பதிவு செய்தார்கள், இரவில் அவர்கள் எங்கே தூங்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். மக்கள் அதை ரேகைச் சட்டம் என்று அழைத்தார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. மாயக்காள் என்ற பெண் உட்பட பலர் இறந்தார்கள். 1947ல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஊரைக் காத்தவர்களின் வழிவந்தவர்களையே ஊருக்கு எதிரிகளாக முத்திரை குத்திய சட்டம் அது.

ராமநாதபுரத்தில் ஒரு புதிய முயற்சி

சுதந்திரத்துக்குப் பிறகும் போலீஸின் அமைப்பு பெரிதாக மாறவில்லை. 1963ல் இங்கே ஊர்க்காவல் படைக்கான சட்டம் வந்தது. பெயரில் ஊர் இருந்தாலும் அதுவும் சீருடையோடு போலீஸுக்குக் கீழே இயங்கும் துணைப்படைதான். 1980ல் பரம்பரை கிராம அதிகாரிகள் பதவி ஒழிக்கப்பட்டபோது மன்றோ காலத்து ஏற்பாட்டில் மிச்சம் இருந்ததும் முடிந்தது. பரம்பரைப் பதவி போனது நல்லதுதான். ஆனால் ஊருக்கும் காவலுக்கும் நடுவில் இருந்த கடைசிப் பாலமும் அதோடு போனது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் 1993ல் ராமநாதபுரம் மாவட்ட எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் "ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்" அமைப்பைத் தொடங்கினார். அவர் 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் படுகாயமடைந்து உயிர் தப்பிய அதிகாரி. குற்றப் பின்னணி இல்லாத ஆண், பெண் யார் வேண்டுமானாலும் இதில் சேரலாம். இரவு ரோந்து, திருவிழாக் கூட்டம், போக்குவரத்து, தகவல் சொல்வது என்று போலீஸுக்கு உதவ வேண்டும். சம்பளம் கிடையாது. பிறகு இது மாநிலம் முழுவதும் பரவியது. 2002ல் இந்த முயற்சிக்காக அவருக்கு பிரிட்டனின் மகாராணி பெயரிலான விருது கிடைத்தது.

ஸ்டேஷன் பக்கம் போகவே பயந்த மக்களுக்கு இது பெரிய மாற்றம். நம் தெருப் பையன் இரவில் போலீஸோடு சேர்ந்து நடந்து வருகிறான் என்றால் மனதில் ஒரு தைரியம் வரத்தான் செய்யும். அந்தத் தைரியம் வெறும் பிரமை அல்ல என்பதற்கு வெளிநாட்டில் ஒரு ஆராய்ச்சியே இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் நியூவார்க் என்ற நகரம் உள்ளது. அங்கே 1978-79ல் சில பகுதிகளில் போலீஸை காரிலிருந்து இறக்கி நடந்தே ரோந்து போகச் செய்து பார்த்தார்கள். முடிவு 1981ல் வெளியானது. குற்றங்களின் எண்ணிக்கை குறையவில்லை! ஆனால் அந்தப் பகுதி மக்கள் தாங்கள் முன்பைவிடப் பாதுகாப்பாக இருப்பதாக உணர்ந்தார்கள். போலீஸ் மீது அவர்களுக்கு இருந்த திருப்தியும் கூடியது.

இது முதலில் வேடிக்கையாகத் தோன்றும். குற்றம் குறையாமல் திருப்தி எப்படி வரும்? நடந்து வரும் போலீஸ்காரரை நிறுத்தி ஒரு வார்த்தை பேசலாம். காரில் பறந்து போகிறவரிடம் அது முடியாது. களத்துமேட்டில் காவல்காரனைக் கேள்வி கேட்ட உழவனின் திருப்தியும் இதே வகைதான். அதே சமயம் இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. மக்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்பதாலேயே ஓர் ஏற்பாடு சரியாக நடக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது.

2020: நண்பர்கள் யாருக்கு நண்பர்கள்?

போலீஸ் நண்பர்கள் அமைப்பில் ஒரு குறை ஆரம்பத்திலிருந்தே இருந்தது. தொண்டர்களைத் தேர்ந்தெடுத்தது போலீஸ். வேலை கொடுத்தது போலீஸ். வேண்டாம் என்றால் நீக்குவதும் போலீஸ். ஒரு தொண்டர் தவறு செய்தால் தெருவாசிகள் புகார் சொல்ல வேண்டிய இடமும் அதே ஸ்டேஷன். தெருவில் பிறந்தவர்தான், ஆனால் தெருவுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

2020ல் கொரோனா ஊரடங்கின்போது சாலைகளில் வாகனங்களை நிறுத்தும் வேலையில் தொண்டர்கள் பலர் இருந்தார்கள். சிலர் போலீஸ் போலவே அதட்டுகிறார்கள், லத்தியை ஓங்குகிறார்கள் என்று புகார்கள் எழுந்தன. அந்த ஜூன் மாதத்தில்தான் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தார்கள். நாடே அதிர்ந்தது. அன்றிரவு ஸ்டேஷனில் போலீஸ் நண்பர்களும் இருந்தார்கள் என்று குற்றச்சாட்டு வந்தது. அமைப்பின் பொறுப்பாளர்கள் தங்கள் ஆட்களுக்குத் தொடர்பில்லை என்று மறுத்தார்கள். ஆனால் ஜூலை மாதம் தமிழக அரசு மாநிலம் முழுவதும் அந்த அமைப்பைத் தடை செய்தது.

தடை வந்தபோது வருத்தப்பட்டவர்களும் இருந்தார்கள். பல ஆண்டுகள் தூக்கத்தை விட்டு ரோந்து போன, திருவிழாவில் தொலைந்த குழந்தைகளைத் தேடிக் கொடுத்த நல்ல தொண்டர்கள் ஏராளம். அவர்கள் எல்லோரும் ஒரே நாளில் சந்தேகத்துக்கு உரியவர்கள் ஆனார்கள். யார் நல்லவர், யார் தப்பு செய்தவர் என்று பிரித்துச் சொல்ல ஊரிடம் எந்த வழியும் இல்லை. தெருவாசிகளின் கையில் ஒரு பதிவேடோ புகார்க் கமிட்டியோ இருந்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

பிவண்டி சொல்லும் பாடம்

அப்படியானால் மக்களும் போலீஸும் சேர்ந்து செய்யும் காவல் எங்குமே வெற்றி பெறாதா? பெற்ற இடம் ஒன்று உண்டு. மும்பைக்கு அருகில் உள்ள விசைத்தறி நகரம் பிவண்டி. 1970லும் 1984லும் மோசமான இந்து-முஸ்லிம் கலவரங்களைப் பார்த்த ஊர். 1988ல் அங்கே துணை கமிஷனராக வந்த சுரேஷ் கோபடே மொஹல்லா கமிட்டிகளை அமைத்தார். "மொஹல்லா" என்றால் குடியிருப்புப் பகுதி. ஒவ்வொரு கமிட்டியிலும் இரண்டு மதத்தினரும் சரிபாதியாக இருந்தார்கள். சாதாரண தறித் தொழிலாளிகளும் கடைக்காரர்களும் உறுப்பினர்கள். அந்தப் பகுதி போலீஸ்காரர் அவர்களோடு உட்கார வேண்டும். குழாயடிச் சண்டை, வாடகைத் தகராறு என்று சின்னச் சின்னப் பிரச்சினைகளை அங்கேயே பேசித் தீர்த்தார்கள். அவர்கள் யாரையும் பிடிக்கவில்லை, அடிக்கவில்லை. பேசினார்கள், அவ்வளவுதான்.

1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்ட பிறகு மும்பை பற்றி எரிந்தது. டிசம்பர், ஜனவரி கலவரங்களில் அங்கே சுமார் 900 பேர் இறந்தார்கள். பிவண்டியில் கலவரம் நடக்கவில்லை.

ஆனால் அதே பிவண்டியில் 2006 ஜூலையில் ஒரு போலீஸ் ஸ்டேஷன் கட்டுவது தொடர்பான தகராறு முற்றியது. துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். அன்றிரவு இரண்டு போலீஸ்காரர்களைக் கும்பல் கொன்றது. கமிட்டிகளைக் கட்டி வளர்த்த அதிகாரி மாறிப்போய் அப்போது பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு நல்ல அதிகாரியை மட்டும் நம்பிய ஏற்பாடு அவரோடு போய்விடும் என்பதையும் பிவண்டிதான் சொல்கிறது.

முடிவாக...

இந்த நீண்ட வரலாற்றில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. காவல்காரன் நம் ஊர்க்காரனா, வெளியூர்க்காரனா என்பது முக்கியம்தான். ஆனால் அதைவிட முக்கியம் அவன் யாருக்குப் பதில் சொல்கிறான் என்பது. பாடிகாவல் ஊருக்குப் பதில் சொன்னவரை மக்கள் மனமுவந்து நெல் அளந்தார்கள். அது பரம்பரை அதிகாரமாக மாறியபோது, 1896ல், தங்கள் சொந்த நிதியையும் கொம்பையும் எடுத்தார்கள். போலீஸ் நண்பர்கள் தெருவில் பிறந்தும் ஸ்டேஷனுக்கு மட்டுமே பதில் சொன்னார்கள், அதனால் ஒரே சம்பவத்தில் இருபத்தேழு ஆண்டு உழைப்பு சரிந்தது.

நாளை இன்னொரு பெயரில் இன்னொரு தொண்டர் படை வரலாம். அப்போது தொப்பி என்ன நிறம், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேட்பதற்கு முன்னால், மாட்டை இழந்த அந்த உழவன் கேட்ட கேள்வியைத்தான் கேட்க வேண்டும். "என் பொருள் போனால், என் பிள்ளைக்கு அடி விழுந்தால், நான் யார் வாசலில் போய் நிற்பது?" அதற்கு அந்தத் தெருவிலேயே ஒரு வாசலைக் காட்ட முடிந்தால் அது மக்கள் காவல். காட்ட முடியாவிட்டால் வேலிக்கு இன்னொரு வரிசை முள் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். பயிரின் கதி பழையபடிதான் இருக்கும்.